வடிகட்டியிடம் பொறுப்பைத் தள்ளிவிடாதீர்கள்

இந்த வாரமும் அதே கோரிக்கை வந்திருக்கிறது: "விவாதத் தளங்கள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தடுத்துவிடுங்கள்." பள்ளிக் கணினிகளில் வேண்டாத தளங்களைத் தடுக்கும் இணைய வடிகட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. தடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் அடுத்த நாள், மார்பகப் புற்றுநோய் பற்றிய ஒப்படைப்புக்காக நோயாளிகள் அனுபவம் பகிரும் பக்கத்தைத் திறந்த மாணவிக்குத் தடைத் திரைதான் வரும். பதிவேட்டில் அதற்குக் காரணம் 'ஆபாசம்' என்றிருக்கும். இப்படிப்பட்ட வரிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

கெட்ட சொற்களைத் தடுத்துவிட்டால் பிள்ளைகள் பத்திரம் என்ற நம்பிக்கை எப்படித்தான் இன்னும் உயிரோடு இருக்கிறதோ! 1996-இலேயே இங்கிலாந்தின் ஸ்கந்தார்ப் நகரவாசிகளால் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் போனது. ஊர்ப் பெயரின் நடுவே சில எழுத்துகள் சேர்ந்து ஒரு வசைச்சொல்லாக இருந்ததுதான் குற்றம். வடிகட்டி எழுத்துகளை ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். யார், யாரிடம், எதற்காகப் பேசுகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. "நீ வராத நாளில்தான் வகுப்பு நன்றாக இருக்கிறது" என்ற வாக்கியத்தில் தடுக்க வேண்டிய சொல் எது? காட்டுங்கள், பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். ஆங்கிலத்துக்காகத் தயாரித்த சொற்பட்டியல், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் வசையைக் கண்டும் காணாமல் விட்டுவிடும்.

மொத்தத் தடையால் பேச்சு நிற்பதுமில்லை. அறிவியல் செயல்திட்டம் என்று பெயரிட்ட ஒரு பகிர்வு ஆவணத்தைப் பார்த்தேன். பள்ளியே அனுமதித்த கருவி அது. ஓரத்தில் கருத்து எழுதும் இடத்தில் சிலர் சேர்ந்து ஒரு மாணவனைக் குதறியிருந்தார்கள். ஆசிரியர் திறப்பதற்குள் ஒவ்வொரு கருத்தையும் 'தீர்ந்தது' என்று அழுத்தி மறைத்தும் விட்டார்கள். ஆசிரியர்களே, மறைத்த கருத்துகள் பெரும்பாலும் கருத்து வரலாற்றில் கிடைக்கும். அங்கேயும் பாருங்கள்.

ஆகவே தளத்தின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அங்கே பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர்கள் இருக்கிறார்களா? புகார் செய்தால் பதிவு நீங்குகிறதா? முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் மாணவருக்குத் தனிமடல் அனுப்ப முடியுமா? முடியும் என்றால் உள்நுழைவை மூடிவிட்டு, வாசிக்க மட்டும் விடலாமா என்று பாருங்கள். கணிதமோ நிரலாக்கமோ கேட்டுத் தெளியும் களங்களில் பலவற்றைக் கணக்கில்லாமலே படிக்கலாம். ஒரு தளத்தின் ஒரே ஒரு இழையை, அதாவது ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும் உள்ள பக்கத்தை, மட்டும் திறக்கச் சொல்லி என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். தளங்கள் பிறர் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டி அனுப்புவதே மறையாக்கம்; அதைப் பிரிக்காத வடிகட்டிக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும், உள்ளே இருக்கும் பக்கம் தெரியாது. வேண்டிய பக்கத்தை ஆசிரியரே சேமித்துக் கொடுப்பது எளிது.

"பதின்மூன்று வயது ஆகிவிட்டதே" என்பது அடுத்த வாதம். பல தளங்களில் கணக்குத் தொடங்க அந்த வயது எல்லை வந்ததற்குப் பின்னணி 1998-இல் அமெரிக்கா இயற்றிய தனியுரிமைச் சட்டம். பெற்றோர் அனுமதியின்றிச் சிறுவர்களின் தகவல்களைத் திரட்டக் கூடாது என்பதே அதன் கவலை. எந்த உரையாடல் யாருக்கு ஏற்றது என்று அது சொல்லவில்லை.

ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2021-இல் வெளியிட்ட 25-ஆவது பொதுக் கருத்துரை பள்ளி வடிகட்டிகளைக் குறிப்பிட்டே பேசுகிறது: தீங்கானவற்றைத் தடுக்க மட்டும் அவற்றைப் பயன்படுத்த வேண்டும், தகவல் பெறும் வழியை அடைக்கக் கூடாது. பதின்பருவ உடல் மாற்றம், மனச்சோர்வு, வீட்டில் நடக்கும் வன்முறை ஆகியவற்றைப் பற்றி யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத பிள்ளை பள்ளிக் கணினியில்தான் தேடக்கூடும். தற்கொலை என்ற சொல்லைத் தடுக்கும்போது உதவி கிடைக்கும் பக்கமும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. தயவுசெய்து அந்தப் பட்டியலை ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

தடைத் திரையில் காரணத்தை எழுதுங்கள். திறக்கக் கேட்க ஒரு பொத்தான் வையுங்கள். கேட்டவருக்கு அன்றைக்கே பதில் சொல்லுங்கள். ஒப்படைப்பின் கெடு முடிந்தபின் கிடைக்கும் அனுமதியை வைத்துக்கொண்டு அந்த மாணவி என்ன செய்வாள்?