மேட்டுக் காட்டில் மரங்களை மட்டும் எண்ணினால் போதாது

யாழ்ப்பாணத்து வீடுகளின் கதவு நிலைகளில் முதிரையையும் பாலையையும் நாள்தோறும் தொட்டுப் பழகிய நம்மிற் பலருக்கு, அதே மரங்கள் காட்டில் பச்சையாக நிற்கும்போது அடையாளம் தெரிவதில்லை. ஆனையிறவுக்குத் தெற்கே வன்னியின் வரண்ட கலப்புக் காடுகளுக்குத் தாவரக் கணக்கெடுப்புக்கென மாணவரை அழைத்துச் செல்லும்போது இதனை ஒவ்வொரு முறையும் காண்கிறேன்.

யாழ்ப்பாணத்தின் தட்டையான சுண்ணக்கல் நிலத்தில் வளர்ந்த கண்ணுக்குச் சில மீற்றர் ஏற்றம் புலப்படாது. மரங்களோ அதனை நன்கு அறியும். மருது நீரோடையை விட்டு விலகாது, பாலையும் வீரையும் மேட்டில் செழிக்கும். எனவே மரங்களை எண்ணுவதற்காக நிலத்தில் இடும் அளவுக் கோட்டினை வசதி கருதி வீதியோரமாக இடாமல், ஓடைக்கரையிலிருந்து மேட்டின் முதுகு வரை இட வேண்டும். அக்கோட்டில் 20 மீற்றர் பக்கமுள்ள சதுரங்களை அடையாளமிட்டு, மரங்களின் சுற்றளவை நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் அளப்பது வழக்கம். வீரையின் அடிமரம் புடைத்தும் குழிந்தும் இருப்பதால் நாடா சரியாகப் படியாது. அதனைக் குறிப்பேட்டில் எழுதிவிடுவதே நேர்மை.

முதிரையின் சிற்றிலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் ஊசிமுனைப் புள்ளிகளாக ஒளிரும். பாலையின் இலை நுனி சற்றே உள்வெட்டாக இருக்கும். காம்பை ஒடித்தால் வெண்பால் கசியும்.

பெருமரங்களின் பட்டியலுடன் திரும்புவோர் காட்டின் கடந்த காலத்தை மட்டுமே எண்ணியிருக்கிறார்கள். ஒவ்வொரு சதுரத்துள்ளும் 5 மீற்றர் பக்கமுள்ள சிறு சதுரத்தில் இளங்கன்றுகளையும், 1 மீற்றர் சதுரத்தில் பூண்டுகள் எனப்படும் சிறு செடிகளையும் நாற்றுகளையும் எண்ண வேண்டும். முதிர்ந்த பாலை பல நிற்க, அதன் கன்று ஒன்றேனும் இல்லையென்றால் அடுத்த தலைமுறை வரவில்லை என்று பொருள். வெட்டப்பட்ட அடிக்கட்டைகளையும், இடைவெளிகளை மூடிக்கொள்ளும் நாயுண்ணிப் பற்றைகளையும் பதியாத கணக்கு இதற்கான காரணத்தைச் சொல்லாது.

ஆவணி வெயிலில் ஒருமுறை போய்வந்து பட்டியலை முடித்துவிடுவது இன்னொரு குறை. வடகீழ்ப் பருவமழைக்குப் பின் தை, மாசியில் தலைகாட்டும் பூண்டுகள் பல அப்போது காய்ந்து மறைந்திருக்கும். பாலைப் பழத்தையோ வைகாசி, ஆனியில்தான் பார்க்கலாம். இரு பருவமும் செல்ல வேண்டும்; அதற்கு உரிய திணைக்களத்தின் எழுத்து அனுமதியும், கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமென்ற உறுதிப்படுத்தலும் கையில் இருக்க வேண்டும்.