எல்லோரா கல்லுக்குள்ள இருக்கற காம்பஸ்

எல்லோரா போனா கைலாசநாதர் கோயில் சிற்பத்தையே பார்த்துட்டு வந்துடறோம், ஆனா அந்தக் கோயிலைக் குடைஞ்சு எடுத்த கல்லு இருக்கே, அது சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஓடுன லாவா, அது ஓடுன காலத்துல இந்தியா இப்ப இருக்கற இடத்துலயே இல்ல, பூமத்திய ரேகைக்குத் தெற்கால கிட்டத்தட்ட 30 டிகிரில கிடந்துச்சு. அதுக்கான சாட்சி அந்தக் கல்லுக்குள்ளயே இருக்கு.

லாவால மேக்னடைட்னு ஒரு இரும்புத் தாது பொடிப்பொடியா கலந்திருக்கும். கொதிக்கறப்போ அதுல காந்தம் நிக்காது. 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழ ஆற ஆற, அந்த நேரத்துல பூமியோட காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்த்து இருக்கோ அதை அப்படியே புடிச்சு வச்சுக்கும், அப்புறம் நிலமே நகர்ந்து போனாலும் விடாது.

வடக்கு எதுன்றத விட இங்க சாய்வுதான் பெரிய விஷயம். காந்த ஊசியை மேலயும் கீழயும் ஆடற மாதிரி தொங்கவிட்டா பூமத்திய ரேகைல படுத்துக்கும், துருவத்துல செங்குத்தா நிக்கும், நடுவுல ஒவ்வொரு அட்சரேகைக்கும் ஒரு சாய்வு. அட்சரேகையோட டேன்ஜென்ட்டை ரெண்டால பெருக்கினா சாய்வோட டேன்ஜென்ட், ஸ்கூல் கணக்குதான். எல்லோரா மாதிரியே அந்தப் பழைய லாவால உருவான மகாராஷ்டிரா மலை ஊர் மகாபலேஷ்வர் இப்ப 18 டிகிரி வடக்குல இருக்கு, அதுக்கு ஊசி 33 டிகிரி கீழ சாயணும். ஆனா அங்க மலை உச்சிப் பக்கத்து அடுக்குகள்ல வடக்கு முனை மேல தூக்கிட்டு இருக்கு, அதுவும் அதைவிட நல்லா செங்குத்தா! தெற்கு அரைக்கோளத்துல இருந்தாத்தான் அப்படி வரும்.

கல்லு எடுக்கறதுலயும் பொறுமை வேணும். தண்ணி ஊத்திக்கிட்டே டிரில் போட்டு விரல் தடிமன்ல ஒரு துண்டு வெட்டுவாங்க, ஆனா உடைச்சு எடுக்கறதுக்கு முன்னாடியே அது எந்தத் திசைல எவ்ளோ சாய்ஞ்சு இருந்துச்சுன்னு கல்லு மேலயே கோடு போட்டுடணும், இல்லன்னா அது வெறும் கல்லுதான். மின்னல் விழுந்த இடமா இருந்தா பழைய காந்தம் கெட்டுப் போயிருக்கும். லேப்ல வெளிக் காந்தம் படாம கொஞ்சம் கொஞ்சமா சூடாக்கி, பின்னாடி ஒட்டுன காந்தத்தை உரிச்சு எடுத்துட்டு அடில இருக்கறத அளப்பாங்க.

கிழக்கு மேற்கா எவ்ளோ நகர்ந்துச்சுன்னு மட்டும் இந்தச் சாய்வு சொல்லாது, அதுக்குக் கடல் தரையைத்தான் பார்க்கணும்.

1950கள் தொடக்கத்துல எட்வர்ட் இர்விங்னு ஒரு கேம்பிரிட்ஜ் மாணவர் இந்தியக் கல்லுகளை வாங்கி அளந்து பார்த்து இந்தியா வடக்க நகர்ந்திருக்குன்னு கண்டுபிடிச்சாரு. கண்டம் நகரும்னு சொன்னா பெரும்பாலானவங்க நம்பாத காலம் அது. 1954ல அவரோட பிஎச்டி தீசிஸை ஏத்துக்கல, அதைப் படிக்கறப்போ எனக்கு மனசே ஆறல. 1965ல அதே கேம்பிரிட்ஜ் அவருக்கு டாக்டர் பட்டம் குடுத்துச்சு.