செயலியைக் கண்காணிக்கும் செயலியாம்!

"உங்கள் கணினியின் செயலியைக் கண்காணிக்க இந்தச் செயலியை நிறுவுங்கள்." தமிழ்ல டெக் எழுதறவங்க, வீடியோ போடறவங்க முக்காவாசி பேரு இப்ப இப்படித்தான். முதல் செயலி ப்ராசசராம், அதாவது கணினிக்குள்ள கட்டளைகள செஞ்சு முடிக்கற சில்லு. ரெண்டாவது செயலி அந்தச் சில்லோட விவரத்த காட்டற சிபியூ-இசட் மாதிரி ஒரு சாஃப்ட்வேராம். படிக்கறவன் எதை எதுல கொண்டு போய் நிறுவுவான்?

ப்ராசசருக்கு மூலம் லத்தீன், முன்னால போறதுன்னு அர்த்தம், அப்புறம் ஒரு வேலைய படிப்படியா நடத்தறதுன்னு ஆயிடுச்சு. நம்ம கிருஷ்ணகிரி பக்கத்து மாங்கூழ் ஃபேக்டரியும் அதனாலதான் ப்ராசசிங் யூனிட், அங்க அது பதப்படுத்தறது. 1971ல இன்டெல் 4004னு ஒரே சில்லுல ப்ராசசர விக்க ஆரம்பிச்சுது, அந்த வகைக்கு தமிழ்ல நுண்செயலி. செயல் கூட இ சேந்தா செயலி, அவ்ளோதான். ஒலிபெருக்கி, பூச்சிக்கொல்லி, மின்தூக்கி எல்லாத்துக்கும் கடைசில நிக்குதே அதே இ, வேலைய எது செய்யுதோ அதுக்குத்தான் அது ஒட்டும்.

இந்த நல்ல சொல்ல புடுங்கி, போன்லயும் கணினிலயும் போடற ஆப்புக்கு (app) குடுத்துட்டாங்க. கேட்டா "ஆப்பும் செயல்படுதே, அப்ப செயலிதானே"ங்கறாங்க. ஆப் எங்கங்க செயல்படுது? அது கட்டளைங்க எழுதி வச்ச கோப்பு, அத ஒண்ணொண்ணா எடுத்து செஞ்சு முடிக்கறது உள்ள இருக்கற சில்லு. சமையல் குறிப்ப யாராச்சும் சமையக்காரர்னு கூப்புடுவாங்களா? இன்னும் கொஞ்சம் வெவரமானவங்க "குழப்பம் வேணாம், ஆப்ப குறுஞ்செயலின்னு வச்சுக்கலாம்"னு வர்றாங்க, அது இத விட மோசம், நுண்செயலின்னா சில்லு குறுஞ்செயலின்னா ஆப்பு, நுண்ணுக்கும் குறுவுக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு அளந்துட்டா படிக்கறது?

இது வெறும் இலக்கண சண்டைன்னு நெனைக்காதீங்க, தருமபுரில சிஸ்டம் சர்வீஸ் பாக்கற எனக்கு இதனால வேலையே வருது. பாலக்கோட்டுலருந்து ஒரு தம்பி போன் பண்ணாரு, அவர்கிட்ட பி450 வகை மதர்போர்டு, அதாவது ப்ராசசர் எல்லாம் மாட்டற பெரிய பலகை, "புதிய செயலி போடும் முன் பயாஸைப் புதுப்பிக்கவும்"னு எங்கயோ படிச்சிருக்காரு. எழுதினவர் சொல்ல வந்தது சரிதான், பயாஸ்ங்கறது கணினிய ஆன் பண்ணதும் முதல்ல ஓடற, போர்டுலயே இருக்கற மென்பொருள். பி450ல ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5000 வரிசை ப்ராசசர் போடணும்னா பழைய பயாஸ் அத கண்டுக்காது, புதுசு ஏத்தியாகணும். தம்பி கேக்கறாரு, "அண்ணா, வாட்ஸ்அப் போடறதுக்கும் பயாஸ் ஏத்தணுமா?" சிரிச்சுட்டேன், ஆனா ஏத்தும்போது நடுவுல கரண்ட் போனா போர்டே செத்துரும்னு நெனைச்சா சிரிப்பு வராது.

உங்ககிட்ட என்ன ப்ராசசர், என்ன போர்டுன்னு பாக்க அவர்கிட்ட சொன்னதையே இங்கயும் சொல்றேன். ப்ராசசர் பேரு மட்டும் போதும்னா விண்டோஸோட டாஸ்க் மேனேஜர்ல பர்ஃபாமன்ஸ் பக்கத்துலயே இருக்கு, ஆனா போர்டு மாடல் அங்க வராது, அதுக்கு சிபியூ-இசட் போட்டு மெயின்போர்டு டேப் பாருங்க, கம்பெனி, மாடல், சிப்செட், பயாஸ் வெர்ஷன் எல்லாம் ஒரே எடத்துல. சூடு, ஃபேன் வேகம் பாக்க அதே ஆளுங்களோட எச்டபிள்யூமானிட்டர். இந்த பத்திய செயலி செயலின்னே எழுதி பாருங்க, "செயலி சூடானால் செயலியில் பார்த்து"ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள எழுதறவருக்கே சூடேறிடும்.

எம் முடிவு, செயலின்னா ப்ராசசர் மட்டுந்தான். ஆப்புக்கு மென்பொருள்னு நல்ல சொல் இருக்கு, அது நீளம்னா ஆப்னே எழுதிட்டு போங்க, பஸ்ஸையும் பில்லையும் நாம அப்படியேதான் வச்சிருக்கோம், தமிழ் ஒண்ணும் குறைஞ்சு போயிடல. சொந்த சொல்ல தப்பான பொருளுக்கு குடுக்கறதுதான் கெடுதல். பள்ளிக்கூட புத்தகத்துல சிபியூவுக்கு, அதாவது இதே ப்ராசசருக்கு, மையச் செயலகம்னு வச்சாங்க, கேட்டதும் கோட்டை ஞாபகம்தான் வருது. சனங்களோ கேபினெட் பொட்டி மொத்தத்தையும் சிபியூங்கறாங்க, அது தனிக் கதை.

மதர்போர்டுக்கு இவ்ளோ சண்டை தேவையில்ல. தாய்ப்பலகைய நேரடி மொழிபெயர்ப்புன்னு சிலர் கிண்டல் பண்றாங்க, நெலம் வாங்கப் போனா தாய்ப்பத்திரம் எங்கன்னு கேக்கறவங்களுக்கு அது புரியாமயா போகும்? அதுக்கு பதிலா முதன்மைன்னு தொடங்கி மூணு சொல்லு கோக்கறவங்க இத யோசிக்கலாம். இங்கிலீஷ்லயே இதுக்கு ஒரே பேரு கிடையாது, ஐபிஎம் தன்னோட 1981 பிசில சிஸ்டம் போர்டுன்னுச்சு, ஆப்பிள் லாஜிக் போர்டுங்கும். நான் பில்லுல தாய்ப்பலகைன்னுதான் எழுதறேன், வாங்கறவங்க ஒரு தடவ நிமிந்து பாத்துட்டு "போர்டுதானே அண்ணா"ன்னு காச குடுத்துட்டு போறாங்க.