பாஸ்டன் நூலகத்தின் இரண்டாவது கட்டடம் எப்படி நிற்கிறது?

பாஸ்டன் நகரின் காப்லி சதுக்கத்தில் இரண்டு நூலகக் கட்டடங்கள் ஒட்டி நிற்கின்றன. முன்னால் இருப்பது சார்லஸ் மெக்கிம் வடிவமைத்து 1895இல் திறந்தது. பின்னால் இருப்பது 1972இல் திறந்த விரிவாக்கம்; வடிவமைத்தவர் ஃபிலிப் ஜான்சன்.

இரண்டுக்கும் கூரைமட்டம் ஒன்றுதான். வெளியே பதித்திருப்பதும் மில்ஃபோர்ட் என்ற ஊரின் ஒரே கிரானைட். அதன் இளஞ்சிவப்பு, கல்லிலேயே உள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமம் தருவது. வேறு மலையில் வெட்டினால் சாயல் மாறிவிடும். ஆனால் தரைத்தள ஜன்னல்களுக்கு முன்னால் ஜான்சன் கிரானைட் பலகைகளை நிறுத்தி, தெருவையே மறைத்துவிட்டார். 2016இல் முடிந்த புதுப்பிப்பில் அவற்றை எடுத்துவிட்டது நல்ல வேலை.

சரி, உள்ளே? பழைய கட்டடத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு, ரஃபேல் குவாஸ்டவினோ என்ற கட்டுநர் பெயரால் வழங்கும் குவாஸ்டவினோ வளைவுகளுக்கு. மெல்லிய தட்டோடுகளைப் படுக்கவைத்து, அடுக்கடுக்காக சிமெண்டில் ஒட்டிய கூரை அது. தீப்பிடிக்காது, பார்க்கவும் அழகு. ஆனால் எந்த வளைவும் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ள கனத்த சுவர் வேண்டும்.

புத்தகமோ பொல்லாத பாரம். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி கணக்கிட்டால், நூலக அடுக்குகளுக்கு 700 கிலோவுக்கு மேல் வைக்க வேண்டும். வாசகர்களே உள்ளே நடந்து புத்தகம் எடுக்கும் நூலகத்தில் நடுநடுவே சுவர் எழுப்பவும் முடியாது. எனவே ஜான்சன் வளைவை முகப்பின் சாயலாக மட்டும் வைத்துக்கொண்டார். தளத்தை 3க்கு 3 என ஒன்பது சதுரங்களாகப் பிரித்து, தூண்களைச் சதுரங்களின் மூலைகளுக்கு ஒதுக்கினார். மேல்தளங்கள், உத்திரத்தில் கட்டிய ஊஞ்சலைப்போல, உச்சியில் உள்ள டிரஸ்களிலிருந்து (முக்கோணங்களாகப் பின்னிய எஃகுச் சட்டங்கள்) தொங்குகின்றன. கீழே இடம் அகலமாகக் கிடைத்தது.

எனக்கு இதைவிட சுவாரசியமானது மண்ணுக்கடியில் இருக்கிறது. அந்தப் பேட்டை முழுவதும், கடல்நீர் ஏறி இறங்கிய சேற்று நிலத்தை 19ஆம் நூற்றாண்டில் தூர்த்து உண்டாக்கியது. பழைய நூலகம் அதில் இறக்கிய மரக்கம்பங்கள்மேல் நிற்கிறது. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும்வரை மரத்துக்கு ஒன்றும் ஆகாது. மட்கவைக்கும் பூஞ்சைக்கு ஆக்சிஜன் கிடைக்காதே. நீர்மட்டம் இறங்கினால் கம்பத்தின் தலை வெளிப்பட்டு அழுகத் தொடங்கும். 1929இல் கட்டடத்தில் விரிசல் கண்டு தோண்டிப் பார்த்தபோது அதுதான் நடந்திருந்தது. அழுகிய பகுதியை வெட்டி நீக்கி அடித்தளத்துக்கு முட்டுக்கொடுத்தார்கள்.

அதனால் இந்த மாதிரி இடத்தில் பக்கத்தில் குழி தோண்டும்போது, கசியும் நீரை இஷ்டத்துக்கு இறைத்துவிட முடியாது. கல்லின் நிறம் பொருந்தி என்ன பயன், அடுத்த கட்டடத்தின் கால் அழுகினால்? அங்கே இன்றும் கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை அளக்கிறார்கள். புதிதாகப் பெரிய கட்டடம் கட்டுவோர் மழைநீரை நிலத்துக்குள் இறக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று விதியும் இருக்கிறது.