பைலட்: முன்னோடி வேறு, வெள்ளோட்டம் வேறு

‘முன்னோடித் திட்டமாக இரண்டு மாவட்டங்களில் தொடங்கப்படும்.’ இந்த வாக்கியத்தை எத்தனை செய்திகளில்தான் படிப்பது! ‘பைலட்’ என்று இருந்ததை ‘முன்னோடி’ ஆக்கிவிட்டால் தமிழாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் போடுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ‘விமானி திட்டம்’ என்றே எழுதுகிறார்கள். அது வெளிப்படையான பிழை, யாரும் ஏமாற மாட்டார்கள். ‘முன்னோடி’ சரியானதைப் போலவே தோன்றுவதால் அதுதான் அதிகம் கெடுக்கிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் துடுப்பையும் சுக்கானையும் குறித்த ஒரு சொல் இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக பைலட் முதலில் கடல்காரர். வானத்துக்குப் போனது பிற்பாடு. இன்றும் துறைமுகத்தில், வரும் கப்பலில் ஏறி அதைப் பத்திரமாகத் துறைக்குள் கொண்டுவருகிறவருக்கு பைலட் என்றுதான் பெயர். நம்மிடம் இவருக்கு ‘நீகான்’ என்ற சொல் அகநானூற்றிலேயே இருக்கிறது (பாடல் 255): கரையில் உள்ள மாடத்தின் விளக்கொளியைப் பார்த்து வங்கத்தை, அதாவது கப்பலை, செலுத்துகிறவன். விமானம் ஓட்டுகிறவருக்கு விமானி என்பது நிலைத்துவிட்டது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் புறநானூறு 27இல் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ (ஓட்டுகிறவன் இல்லாமலே செல்லும் வான வண்டி) என்று வருவதைப் படித்தவர்களுக்கு ‘வலவன்’ மீது ஓர் ஆசை இருக்கத்தான் செய்யும்.

அமைச்சர் வண்டிக்கு முன்னால் போகும் பைலட் வண்டிக்கு ‘முன்னோடி’ கச்சிதமாகப் பொருந்தும், அது உண்மையிலேயே முன்னால் ஓடுகிறது. கிராமத்துத் தெய்வங்களில் முன்னோடிக் கருப்பு இருக்கிறாரே, அவரும் அந்தப் பொருளில்தான். 108 ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரையும் ரயில் ஓட்டுகிறவரையும் பைலட் என்கிறார்கள். அங்கெல்லாம் ‘ஓட்டுநர்’ போதும்.

சிக்கல் ‘பைலட் திட்டம்’ என்ற உருவகப் பொருளில்தான். அங்கே பைலட் என்றால் என்ன? பெரிய அளவில் செய்வதற்கு முன்னால் சின்ன அளவில் செய்து பார்ப்பது. தேறலாம், தேறாமலும் போகலாம். தேறாவிட்டால் கைவிடுவதற்காகத்தான் சின்னதாகச் செய்கிறோம். ‘முன்னோடி’யில் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. முன்னோடி என்பது பின்னால் வந்தவர்கள் திரும்பிப் பார்த்துக் கொடுக்கும் பட்டம். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கில் ஒரே ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க முடிவு செய்தது. பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த காலம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்து, 1925இல் பணத்துக்கு வழியில்லாமல் நின்றுபோனது. பிற்காலத்துச் சத்துணவுக்கு அதை முன்னோடி என்று இன்று நாம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் 1920இல் அதைத் தொடங்கியவர்கள் ‘இது முன்னோடித் திட்டம்’ என்று அறிவித்திருந்தால் அது வெறும் தற்பெருமையாக இருந்திருக்கும். இன்றைய அறிவிப்புகள் அதைத்தான் செய்கின்றன: சோதித்துப் பார்க்கிறோம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வெற்றியை முன்கூட்டியே எழுதிவிடுகின்றன. அப்புறம் அந்தத் திட்டம் ஓசையில்லாமல் நின்றுபோனால், எதற்கு முன்னோடி என்று யாரைக் கேட்பது?

‘முன்மாதிரி’யும் இதே கோளாறுதான், அது பார்த்துப் பின்பற்ற வேண்டிய ஒன்று. ‘முன்னோட்டம்’ சினிமாக்காரர்களிடம் போய்விட்டது. இலங்கைச் செய்திகளில் ‘பரீட்சார்த்தமாக’ என்று எழுதுகிறார்கள். வடசொல்தான் என்றாலும் பொருளில் ‘முன்னோடி’யைவிட நூறு மடங்கு நேர்மையான சொல்.

நம் கையிலேயே இருக்கும் சொல் வெள்ளோட்டம். வெள்ளிடை (வெற்றிடம்), வெள்ளறிவு (அறிவின்மை) என்பவற்றைப் போல இங்கேயும் ‘வெள்’ வெறுமையைச் சொல்கிறது. புதிதாகச் செய்த தேரை அல்லது பழுதுபார்த்த தேரை, திருவிழாவுக்கு முன்பு உற்சவரை ஏற்றாமல் வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். 2015இல் திருவாரூர் ஆழித்தேருக்கு இப்படித்தான் நடந்தது. சக்கரம் சரியாக உருள்கிறதா, முட்டுக்கட்டை பிடிக்கிறதா, வீதி முனையில் திரும்புகிறதா என்று பார்ப்பதற்கான ஓட்டம் அது. பைலட் திட்டத்தின் வேலையும் அதுதானே! இது வண்டிக்கும் கப்பலுக்கும் மட்டும் உரிய சொல் என்று சிலர் தடை சொல்வார்கள். கணித்தமிழ் ஆட்கள், மென்பொருளை முழுதாக வெளியிடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கத் தரும் பீட்டா பதிப்பை ‘வெள்ளோட்டப் பதிப்பு’ என்று எழுதுவதுண்டு; மென்பொருளுக்குச் சக்கரமா இருக்கிறது? சுக்கான் பிடித்தவனின் பெயர் ஆங்கிலத்தில் திட்டத்துக்கு வரலாம் என்றால், தேரின் ஓட்டம் தமிழில் வரக்கூடாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘பைலட் அடிப்படையில்’, ‘சோதனை அடிப்படையில்’, ‘ஒப்பந்த அடிப்படையில்’, ‘போர்க்கால அடிப்படையில்’ என்று எதற்கெடுத்தாலும் ஓர் ‘அடிப்படையில்’ ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு காட்ட வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. ‘இரண்டு மாவட்டங்களில் வெள்ளோட்டமாகத் தொடங்கப்படும்’ என்று எழுதிப் பாருங்கள், அங்கே ‘அடிப்படை’க்கு வேலையே இல்லை. வெள்ளோட்டக் கணக்கெடுப்பு, வெள்ளோட்ட வகுப்பு, தொடர் எடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்க்கிறார்களே, அதற்கு வெள்ளோட்டப் பகுதி. எல்லாம் தடையில்லாமல் வருகின்றன.