அமெரிக்கப் பள்ளி மதிய உணவு: படிவத்தில் சறுக்கும் இடங்கள்

பள்ளியில் இலவசமாகவோ சலுகை விலையிலோ தரும் மதிய உணவுக்குப் பணம் தருவது வாஷிங்டனில் உள்ள வேளாண் துறை, கணக்குப் பார்ப்பது மாநிலம், படிவம் வாங்கி முடிவு சொல்வது உங்கள் பள்ளி மாவட்டம் (உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு). 1946-லிருந்து வரும் திட்டம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

2025-26 கல்வியாண்டில் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு (அலாஸ்கா, ஹவாய் தவிர) ஆண்டு வருமானம் 41,795 டாலருக்குள் இருந்தால் சாப்பாடு இலவசம். 59,478-க்குள் என்றால் ஒரு மதிய உணவுக்கு அதிகபட்சம் 40 சென்ட். கைக்கு வரும் பணம் அல்ல, வரி பிடிக்கும் முன் உள்ள சம்பளம்தான் கணக்கு.

அதிகம் பேர் சறுக்குவது சம்பள இடைவெளிக் கட்டத்தில். 'மாதம் இருமுறை', 'இரண்டு வாரத்துக்கு ஒருமுறை' இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவதில் ஆண்டுக்கு 24 சம்பளம், மற்றதில் 26. மாதம் இருமுறை 1,650 டாலர் வாங்குபவரின் ஆண்டு வருமானம் 39,600, இலவசம். தவறிப்போய் மற்ற கட்டத்தில் டிக் அடித்தால் 42,900 ஆகி இலவசம் போய்விடும். அந்தத் தவறை அலுவலகம் கண்டுபிடித்துச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். சம்பளச் சீட்டில் தேதியைப் பாருங்கள். 15, 30 என்று வந்தால் மாதம் இருமுறை. ஒன்றுவிட்டு ஒரு வெள்ளி என்றால் மற்றது.

ஸ்நாப் (SNAP) என்ற அரசு உணவு உதவி வாங்கும் வீடு வருமானம் எழுதவே வேண்டாம், கேஸ் எண் போதும். கடையில் தேய்க்கும் கார்டின் மேலுள்ள நீள எண் கேஸ் எண் அல்ல. அனுமதிக் கடிதத்தில் இருப்பதை எழுதுங்கள். வீட்டில் ஒருவருக்கு ஸ்நாப் இருந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். ஒரு பிள்ளை பெயருக்கு மட்டும் கடிதம் வந்தால் விடாதீர்கள், மற்றவர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடுபவரின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் (அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தரும் தனி எண்) கடைசி 4 இலக்கம் கேட்பார்கள். இல்லாதவர்களுக்குப் பக்கத்திலேயே தனிக் கட்டம் உண்டு. விசா பற்றிக் கேள்வியே இல்லை. எண் இல்லாமல் படிவம் வாங்கமாட்டோம் என்று கவுன்ட்டரில் சொன்னால், அது விதி அல்ல.

போன வருட அனுமதி, புது வருடத்தில் 30 பள்ளி நாள்தான் ஓடும். அதற்குள் புதிய படிவம் போகாவிட்டால் முழு விலையில் கடன் ஏறும். பின்னால் அனுமதி வந்தாலும் பழைய கடன் தானாகக் கழியாது. முடிவு 10 பள்ளி நாளுக்குள் வந்தாக வேண்டும்.

இலையுதிர் காலத்தில் சில வீடுகளுக்கு, படிவத்தில் எழுதியதற்கு ஆதாரம் கேட்டு, சரிபார்ப்புக் கடிதம் வரும். விளம்பரத் தாள் என்று குப்பையில் போட்டால், தகுதி இருந்தும் சலுகை நின்றுவிடும். நிறுத்துவதாக நோட்டீஸ் வந்தால் 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள், தீர்ப்பு வரும்வரை சலுகை தொடரும்.

மாவட்டம் அசையவில்லை என்றால் மாநிலத்துக்கு எழுதுங்கள். டெக்சாஸ், நியூஜெர்சியில் கல்வித் துறைக்கு அல்ல, மாநில வேளாண் துறைக்கு.