பி செல்லை அழித்தால் நரம்பு ஏன் தப்பிக்கிறது?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் நம் வெள்ளையணுக்களே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்குகின்றன. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைகிறது, சமிக்ஞைகள் தடுமாறுகின்றன. சிலருக்குப் பார்வை மங்கும், சிலருக்குக் கால் மரத்துப்போகும். இதற்குக் காரணம் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்தான் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். நோயுள்ள எலியின் டி செல்களை நலமான எலிக்குச் செலுத்தினால் அதற்கும் இதே மாதிரியான நோய் வந்ததால், அந்த நம்பிக்கைக்கு வலு இருந்தது. இன்னொரு வகையான பி செல்லுக்கு ஆன்டிபாடி (கிருமிகளில் ஒட்டி அவற்றை முடக்க உதவும் புரதம்) தயாரிப்பதைத் தாண்டிப் பெரிய பங்கில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு புற்றுநோய் மருந்து. 1997-இல் லிம்ஃபோமாவுக்கு அனுமதி பெற்ற ரிடுக்சிமாப், பி செல்லின் மேலுள்ள சி.டி.20 என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுவதே ஓர் அடையாளம். அதைப் பார்த்து இயற்கைக் கொல்லி செல்கள் தாக்கும், ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் செல்சவ்வில் துளையிடும், மேக்ரோஃபேஜ்கள் விழுங்கும். 104 மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் இதைச் சோதித்த ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. காடோலினியம் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தால் புதிய அழற்சி உள்ள இடங்கள் வெள்ளையாகத் தெரியும். மருந்து பெற்றவர்களிடம் அந்தப் புள்ளிகள் 91 சதவீதம் குறைவாக இருந்தன.

ஆன்டிபாடி குறைந்ததால் கிடைத்த பலன் இது என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஆன்டிபாடியைச் சுரப்பது பி செல்லின் முதிர்ந்த வடிவமான பிளாஸ்மா செல். அதில் சி.டி.20 கிடையாது, எனவே மருந்து அதைத் தொடுவதில்லை. இந்நோயின் அடையாளமாக மூளைத் தண்டுவட நீரில் தெரியும் ஆன்டிபாடிப் பட்டைகள் சிகிச்சைக்குப் பிறகும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. அழற்சியோ சில வாரங்களிலேயே அடங்கிவிடுகிறது.

அப்படியானால் பி செல் வேறு வழியில் கெடுதல் செய்கிறது. அது ஒரு புரதத்தைப் பிடித்து, துண்டாக்கி, டி செல்லிடம் காட்டுகிறது. கூடவே அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களையும் சுரக்கிறது. தூண்டிவிடும் பி செல் போனால் டி செல்லின் வேகமும் குறைகிறது. அடாசிசெப்ட் என்ற மருந்து இதை எதிர்த்திசையிலிருந்து காட்டியது. அது ஆன்டிபாடிகளைக் குறைத்தது, முன்பு சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் நினைவு பி செல்களை விட்டுவைத்தது. நோய்த் தாக்குதல்கள் கூடியதால் அந்தச் சோதனையை 2009-இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. இந்த நினைவு பி செல்லில்தான் எப்ஸ்டீன்-பார் வைரஸ் வாழ்நாள் முழுக்கப் பதுங்கியிருக்கிறது. அந்த வைரஸ் தொற்றினால் இந்நோய் வரும் ஆபத்து 32 மடங்கு கூடுகிறது என்று அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேரின் தரவை ஆராய்ந்து 2022-இல் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்லிலும் சி.டி.20 இல்லை. அதனால் மருந்தை நிறுத்தினால் பி செல்கள் திரும்ப வளரும், ஆனால் மெதுவாக. இதே சி.டி.20-ஐக் குறிவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் ஒக்ரலிசுமாப் மருந்தில், கடைசி டோஸுக்குப் பிறகு பி செல் எண்ணிக்கை மீள ஏறத்தாழ 72 வாரம் ஆகிறது. வருபவை பெரும்பாலும் அனுபவமில்லாத புது செல்கள். நினைவு செல்கள் சேர இன்னும் காலம் பிடிக்கும். இதற்கு விலையும் உண்டு. தடுப்பூசி சரியாக வேலை செய்யாது, எனவே இயன்றவரை சிகிச்சைக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். பதுங்கியுள்ள ஹெபடைட்டிஸ் பி கிளம்பலாம் என்பதால் அந்தப் பரிசோதனை கட்டாயம். ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலருக்கு ஆன்டிபாடி அளவு இறங்கி, தொற்றுகள் கூடும்.

திடீர்த் தாக்குதல்களை இவ்வளவு நன்றாகத் தடுக்கும் சிகிச்சை, மெல்ல மெல்லக் கூடும் ஊனத்தின் முன் திணறுகிறது. தொடக்கத்திலிருந்தே படிப்படியாக முற்றும் வகைக்கு முதன்முதலில் அனுமதி பெற்ற மருந்து ஒக்ரலிசுமாப்தான் (2017). அதுவும் வேகத்தைக் குறைக்கிறதே தவிர, நிறுத்துவதில்லை. இந்த மருந்துகள் பெரிய மூலக்கூறுகள். ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி மிகச் சொற்பமே உள்ளே போகும். மூளைக்குள்ளேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா செல்கள் அங்கே அழற்சியைத் தொடர்கின்றன. மூளைக்குள் நுழையக்கூடிய சிறு மூலக்கூறுகளையும், பி செல்லை வேட்டையாடும்படி மாற்றியமைத்த டி செல்களையும் இப்போது சோதித்து வருவது இதனால்தான்.